விளக்கைத் தாழ்த்தி வையுங்கள்

மின்வாசிப்பான் ஒன்று வாங்கலாமா என்று கேட்டு எனக்கு எழுதுவோரின் தொகை அண்மைக் காலமாகக் கூடி வருகின்றது. கேட்போரிற் பெரும்பாலானோர் என் வயதினர், ஐம்பதைக் கடந்தவர்கள். ரொரன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள் கேட்பதும், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான். "திரைக்குள்ளேயே விளக்கு வைத்திருக்கிறார்களாமே, அது கண்ணைக் கெடுத்துவிடாதா?"

கெடுக்காது என்பதே என் பதில். ஆனால் அந்த விளக்கை நம்மவர்களிற் பலர் எரியவிடும் விதத்தைப் பார்த்தால், கண் கூசுகிறது என்று அவர்கள் முறையிடுவதில் வியப்பில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கின்றது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மடல் எழுதுவதைவிட இங்கே ஒருமுறை விரிவாக எழுதிவிடுவது நல்லதெனத் தோன்றியது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். கைத்தொலைபேசியின் திரை தானே ஒளியை உமிழ்வது. எழுத்துக்குப் பின்னால் விளக்கு இருக்கின்றது; அல்லது திரையின் புள்ளிகளே விளக்காக இருக்கின்றன. கிண்டில், கோபோ போன்ற மின்வாசிப்பான்களின் திரை அத்தகையதன்று. அது மின்மைத் திரை. கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழ்கள் எண்ணற்றவை அதிற் பரவியுள்ளன. ஒவ்வொரு குமிழுக்குள்ளும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட வெண்துகள்களும் கருந்துகள்களும் தெளிந்த திரவம் ஒன்றில் மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒன்று மேலெழ மற்றது கீழிறங்கும். வெண்துகள் மேலே வந்த இடம் தாள். கருந்துகள் மேலே வந்த இடம் எழுத்து. ஒருமுறை வந்துவிட்டால் மின்சாரம் இன்றியே அங்கு நிற்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் முளைத்த இந்த எண்ணத்தைக் கொண்டு 1997 இல் தொடங்கப்பட்டதே ஈ-இங்க் நிறுவனம். இன்று நாம் காணும் மின்வாசிப்பான்கள் பெரும்பாலும் அந்நிறுவனத்தின் திரைகளையே தாங்கி வருகின்றன.

இத்திரைக்குத் தன்னொளி கிடையாது. தாளைப் போலவே, மேலே விழும் ஒளியைத் திருப்பி அனுப்பித்தான் அது நமக்குத் தெரிகின்றது. ஆகவே இதற்குப் பின்னால் விளக்குப் பொருத்திப் பயனில்லை. துகள்கள் ஒளியை மறித்துவிடும். என்ன செய்தார்கள் என்றால், சட்டகத்தின் ஓரத்தில் மறைவாகச் சில எல்.ஈ.டி. குமிழ்களை வைத்து, அவற்றின் ஒளியைத் திரைக்கு மேலே ஒட்டிய மெல்லிய படலம் ஒன்றினூடாக ஓடவிட்டார்கள். அப்படலத்தில் மிக நுண்ணிய வடிவங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பக்கவாட்டில் ஓடும் ஒளி அவற்றில் மோதிக் கீழ்நோக்கித் திரும்பித் திரையில் விழுகின்றது. அங்கிருந்து தெறித்தே நம் கண்ணுக்கு வருகின்றது. எனவே இதைப் பின்னொளி என்பது பிழை. முன்னொளி என்பதே சரி. சிறியதொரு மேசை விளக்கைப் பக்கத்தின் ஓரத்திலேயே ஒட்டி வைத்தது போன்ற ஏற்பாடு இது.

இதைச் செவ்வையாகச் செய்ய அவர்களுக்கும் காலம் பிடித்தது. 2007 நவம்பரில் அமேசன் வெளியிட்ட முதலாவது கிண்டிலில் விளக்கு இல்லை. 2008 இல் சோனி தன் பி.ஆர்.எஸ்-700 இல் பக்க விளக்குகளைப் பொருத்திப் பார்த்தது. ஒளி ஒரு சீராக விழவில்லை. திரையும் பளபளத்துக் கண்ணை உறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த பி.ஆர்.எஸ்-600 இல் விளக்கைக் காணவில்லை. பின்னர் 2012 ஏப்ரலில் பார்ன்ஸ் அன்ட் நோபிளின் நூக், அதே ஆண்டின் பிற்பகுதியில் கிண்டில் பேப்பர்வைட், கோபோ குளோ என அடுத்தடுத்து வந்தபோதே முன்னொளி நிலைபெற்றது. முதலாவது பேப்பர்வைட்டில் நான்கு குமிழ்கள்தாம். பக்கத்தின் அடியில் நிழல் திட்டுக்கள் தெரிந்தன. 2021 இல் வந்த பேப்பர்வைட்டில் 17 குமிழ்கள். திட்டுக்கள் மறைந்துவிட்டன. விளக்கில்லாத மலிவுக் கருவியாக இருந்த சாதாரண கிண்டிலுக்கும் 2019 இல் விளக்கு வந்து சேர்ந்தது.

சரி, கருவி செய்வோர் தம் வேலையைச் செய்துவிட்டார்கள். அந்த வெளிச்சத்தை எவ்வளவு வைப்பது? இங்கேதான் நம் பழக்கம் குறுக்கே நிற்கின்றது. லாம்பு வெளிச்சத்திற் படித்து வளர்ந்த தலைமுறை நாம். இருள் கூடக் கூடத் திரியைத் தூண்டுவதே நம் கை அறிந்த வழக்கம். அதே கை மின்வாசிப்பானிலும் இரவு வந்தால் வெளிச்சத்தைக் கூட்டுகின்றது, பகலில் "விளக்கு எதற்கு?" என்று அணைத்துவிடுகின்றது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பகலில் அறைக்குள் கூட்டி வைக்க வேண்டும். இரவில் தாழ்த்த வேண்டும். முதலாவது பேப்பர்வைட்டில் வெளிச்சத்தை மாற்றும் இடத்திலேயே, வெளிச்சமான அறையிற் கூட்டுக, இருண்ட அறையிற் குறைக்க என்ற பொருளில் ஓர் அறிவுரையை எழுதி வைத்திருந்தார்கள். படித்தவர் எத்தனை பேரோ!

காரணம் எளிது. லாம்பு பக்கத்தை மட்டுமன்றி அறையையும் ஒளிரச் செய்தது. சுவர், மேசை, கை எல்லாவற்றிலும் சிறிது வெளிச்சம் படர்ந்தது. மின்வாசிப்பானின் விளக்கோ பக்கத்தை மட்டுமே ஒளிரச் செய்கின்றது. இருட்டுக்குப் பழகிக் கண்மணி விரிந்திருக்கும் வேளையில், சுற்றிலும் கருமை சூழ, நடுவில் ஒரு வெண்சதுரம் பளிச்சென்று நின்றால் கண் கூசாமல் என்ன செய்யும்?

பகலிற் கூட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. மின்மைத் திரை தன்மேல் விழும் ஒளியிற் பாதிக்கும் குறைவானதையே திருப்பி அனுப்புகின்றது. நல்ல அச்சுத்தாள் இதைவிட மிக அதிகமாக அனுப்பும். அதனாற்றான் விளக்கற்ற பழைய கருவிகளின் பக்கம் வீட்டுக்குள் சாம்பல் பூத்தாற்போற் தெரிந்தது. அந்தக் குறையை நிரப்புவதே முன்னொளியின் முதல் வேலை என்பேன். இருட்டிற் படிக்க உதவுவது அதற்கு அடுத்ததுதான். முற்றத்து வெயிலில் இருந்து படிப்பவருக்கு விளக்கு எரிந்தாலும் ஒன்று, அணைந்தாலும் ஒன்று.

அளவறிய ஒரு வழி சொல்கிறேன். அச்சடித்த புத்தகம் ஒன்றை விரித்துக் கருவிக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பக்கங்களும் ஒரே வெண்மையாகத் தெரியும்வரை விளக்கைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். கருவியின் பக்கம் யன்னல் போல ஒளிர்ந்தால் கூடிவிட்டது. சாம்பல் போல மங்கினால் குறைந்துவிட்டது. கிண்டிலில் இதற்கு 24 படிகள் உள்ளன. மாலையில் மின்குமிழ் எரியும் அறையில் என் கருவி 12 அல்லது 13 இல் நிற்கும். பக்கத்துக் கட்டிலில் ஆள் உறங்கும்போது 3 அல்லது 4. அறையின் மூலையில் ஒரு சிறு குமிழையும் எரியவிட்டால் இன்னும் நல்லது.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கின்றார். எண்பதை நெருங்குபவர். சனசமூக நிலையத்து வாசிகசாலையில் காலை பத்திரிகை வந்தால் முதலில் விரிப்பவர் அவராகத்தான் இருப்பார். கடந்த சில ஆண்டுகளாக அவரை அங்கு காணவில்லை. ஒரு கண்ணிற் புரை அகற்றியாயிற்று. மற்றக் கண்ணில் இன்னும் இருக்கின்றது. வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிட்டார்கள். ஜேர்மனியில் இருக்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது மின்வாசிப்பான் ஒன்றை வாங்கி வந்து, அதிற் சில நூல்களையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பத்து நாளில் எனக்கு அழைப்பு.

"தம்பி, இந்தச் சாமானை நீரே கொண்டுபோம். எனக்குக் கண்ணெல்லாம் கூசுது. எழுத்து எல்லாம் பால் ஊத்தினமாதிரிக் கிடக்கு."

போய்ப் பார்த்தேன். விளக்கு 24 இல் நின்றது. நிறம் நீலம் பாய்ந்த வெள்ளை. எழுத்து பெட்டியிலிருந்து வந்த அளவிலேயே சிறியதாக இருந்தது. "இருட்டில்தான் நல்லாத் தெரியும்" என்று யாரோ சொன்னார்களாம். அறை விளக்கையும் அணைத்து வைத்திருந்தார். நான் செய்தது மூன்றே வேலைகள். அறை விளக்கைப் போட்டேன், கருவியின் வெளிச்சத்தை 10 க்கு இறக்கி நிறத்தை மஞ்சட் பக்கம் நகர்த்தினேன், எழுத்தை மூன்று படிகள் பெருப்பித்தேன். கையில் வாங்கிச் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். இரண்டு பக்கம் புரண்டது. பிறகு, "இது புத்தகம் மாதிரித்தானே கிடக்கு, மாஸ்ரருக்கு முதலே சொல்லியிருக்கலாமே ஒருத்தர்" என்றார். தன்னையே மாஸ்ரர் என்று சொல்லிக்கொள்வது அவர் வழக்கம்.

பால் ஊற்றினது போல என்று அவர் சொன்னது மிகச் சரியான வருணனை. கண்வில்லையில் புரை படரும்போது உள்ளே வரும் ஒளி சிதறுகின்றது. பக்கத்தின் வெண்மை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு அந்தச் சிதறல் எழுத்தின் கருமை மேல் திரையாக விழுகின்றது. இன்னொரு புறம், வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, வில்லையும் மஞ்சளித்து விடுவதால், அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கின்றது. முதிய கண்ணுக்கு ஒளி கூடவும் வேண்டும். கூடினாற் கூசவும் செய்யும். எழுத்து பெரிதாகவும் வேண்டும். வெள்ளெழுத்து என்று நம் முன்னோர் பெயரிட்டது அதைத்தான். இந்த மூன்றையும் ஆளுக்கேற்ப, கண்ணுக்கேற்ப, மணிக்கேற்ப விரலால் மாற்றிக்கொள்ள முடிவது இந்தக் கருவியில்தான். அச்சுப் புத்தகத்தை உயிராய் நேசிப்பவன் நான். இருந்தும், மாஸ்ரரைப் போன்றவர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அச்சின் மணத்தைப் பற்றிப் பேசுவோரின் வருத்தம் எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

சிலர் கருமையான பக்கத்தில் வெள்ளை எழுத்து வரச் செய்து படிக்கிறார்கள். புரை உள்ளவர்களுக்கு அது உதவக்கூடும். மற்றவர்களுக்கு வெள்ளையிற் கறுப்பே தெளிவு. சிதறற்பார்வை உள்ளவர்களுக்குக் கருமைப் பக்கத்தில் வெள்ளை எழுத்துக்கள் ஓரம் விரிந்து கசியும். பரீட்சித்துப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இனி உறக்கம் பற்றி. 2014 இன் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படுக்கைக்குப் போகுமுன் ஒளியுமிழ் கருவியிற் படித்தால் உறக்கம் வரச் சுணங்குகிறது, மெலடோனின் என்னும் சுரப்புக் குறைகின்றது என்பது அதன் முடிவு. மறுநாள் உலகப் பத்திரிகைகள் பலவும் "மின்வாசிப்பான் உறக்கத்தைக் கெடுக்கும்" என்று தலைப்பிட்டன. என் தொழிலின் குறையை நானே சொல்ல வேண்டியிருக்கின்றது: தலைப்பெழுதியவர்கள் உள்ளே படிக்கவில்லை. ஆய்வுக்கு உட்பட்டோர் 12 பேர். அவர்கள் கையில் இருந்தது ஐபேட். அதுவும் முழு வெளிச்சத்தில், இரவுக்கு நான்கு மணி நேரம், தொடர்ந்து ஐந்து இரவுகள். உறக்கம் பிந்தியது சராசரியாகப் பத்து நிமிடங்கள் அளவில். தாழ்த்தி வைத்த முன்னொளிக் கருவியைப் பற்றி அந்த ஆய்விலிருந்து எதுவும் முடிவு கட்ட முடியாது. ஆனால் அந்தத் தலைப்பு இன்னும் உயிரோடு இருக்கின்றது. எனக்கு வரும் கேள்விகளிற் பாதி அதன் பிள்ளைகள்.

மறுபக்கம் விளம்பரக்காரர்கள். கண்ணுக்குக் களைப்பே இல்லை என்பார்கள். அதுவும் மிகை. எதையும் உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகின்றது, கண் உலர்கின்றது. அச்சுப் புத்தகத்திலும் இது உண்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை உயர்த்தித் தொலைவில் எதையாவது சிறிது நேரம் பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வது மின்வாசிப்பானுக்கும் பொருந்தும். நீல ஒளி கண்ணை அழிக்கிறது என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே அமெரிக்கக் கண் மருத்துவர் சங்கத்தின் நிலைப்பாடு. எனினும் மஞ்சள் ஒளியை நான் விரும்புகிறேன். 2016 இல் கோபோ ஓரா வன் கருவியில் ஒளியின் நிறத்தை மாற்றும் வசதி வந்தது. அமேசன் 2019 இல் ஒயாசிஸ் கருவியிலும் 2021 இல் பேப்பர்வைட்டிலும் அதைச் சேர்த்தது. உறக்கத்துக்கு அது எவ்வளவு உதவுகிறது என்ற வாதத்துக்குள் நான் நுழையவில்லை. இரவிற் பக்கம் பழுப்பேறிய பழைய புத்தகத் தாள் போலத் தெரிகின்றது. அது எனக்குப் போதும். புதிதாக வாங்குவோர் இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

வண்ணத் திரை வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 2024 இல் கோபோவும் அமேசனும் வண்ண மின்வாசிப்பான்களை வெளியிட்டன. வண்ணம் காட்டும் வடிகட்டிப் படலம் திரையை மேலும் இருளச் செய்கின்றது. விளக்கை எப்போதும் கூட்டியே வைக்க வேண்டும். நாவலும் கட்டுரையும் படிக்கும் எனக்கு அது தேவையற்றது. சிறுவர் நூல்களுக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

தமிழ் வாசகருக்கென்றே சில செய்திகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்படும் கருவி மதிப்புரைகளில் இவை வருவதில்லை. நம் எழுத்துக்கு உயிர் புள்ளியில் இருக்கின்றது. மெய்யின் தலையில் நிற்கும் அந்தச் சிறு புள்ளி தெரியாவிட்டால் "பட்டு" "படடு" ஆகிவிடும். ஒப்புநோக்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையிற் சொல்கிறேன், ண-ன, ந-ற என்று சுழியையும் வளைவையும் வைத்தே வேறுபடும் எழுத்துக்கள் நம்மிடம் அதிகம். அங்குலத்துக்கு 167 புள்ளிகள் கொண்ட தொடக்ககாலத் திரைகளில் இவை குழம்பின. முதலாவது பேப்பர்வைட்டில் 212. 2015 முதல் பேப்பர்வைட்டும் 300 ஐத் தொட்டுவிட்டது. இப்போது புள்ளி புள்ளியாகவே நிற்கின்றது. எழுத்துருவைச் சற்றுத் தடிப்பாக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தடித்த எழுத்துக்கு வெளிச்சம் குறையவே போதும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெருப்பித்தால் வரிக்கு மூன்று சொற்களே கொள்ளும். இரு ஓரங்களும் நேராக அமையும்படி வைத்திருந்தால் சொற்களுக்கிடையே ஆறு ஓடும். எனவே இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்து, வலது ஓரத்தை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். 6 அங்குலத் திரையைவிட ஏறத்தாழ 7 அங்குலத் திரை தமிழுக்கு வசதி.

இந்தக் கருவி எனக்கு வெறும் சௌகரியப் பொருளாகத் தோன்றாமைக்குத் தனிப்பட்ட காரணம் ஒன்றுண்டு. 1990 இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொன்னை விட அரிதாயிற்று. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் ஊற்றி, நூற்திரி போட்டு எரித்த விளக்கில் நாங்கள் படித்தோம். ஒரு விளக்கைச் சுற்றி நான்கு பேர். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கே முதலிடம். கதைப் புத்தகத்துக்கு எண்ணெய் செலவழிக்க வீட்டில் விடமாட்டார்கள். அக்காலத்திற் பத்திரிகைத் தாளும் வரவில்லை. பள்ளிக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் செய்திப் பத்திரிகை அச்சாகியது. வெளிச்சமும் தாளும் ஒருங்கே இல்லாமற் போவது எத்தகையது என்பதை என் தலைமுறை அப்போதே அறிந்துகொண்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து அந்நிலையின் ஒரு சாயலை நாடு முழுவதும் கண்டது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை சென்றது. அதே மாதத்தில் தாள் தட்டுப்பாட்டால் 'த ஐலன்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகளின் சனிக்கிழமை அச்சுப் பதிப்பு நிறுத்தப்பட்டது. மேல் மாகாணப் பாடசாலைகளில் வினாத்தாள் அச்சிட வழியின்றித் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. அந்த இரவுகளில், ஒருமுறை மின்னேற்றினால் தாழ்ந்த வெளிச்சத்தில் வாரக்கணக்கில் நின்று பிடிக்கும் ஏடு ஒன்று என் கையில் இருந்தது. பக்கத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியின் மின்கலத்தை எண்ணி எண்ணிச் செலவழித்துக் கொண்டிருந்தார்கள். இலங்கையில் அமேசனுக்குக் கடை இல்லை. வெளிநாட்டு உறவு இருப்பவருக்கே இக்கருவி இலகுவாகக் கிட்டுகின்றது என்பது உண்மைதான். ஆனாலும் புலம்பெயர்ந்தோர் ஊருக்கு வரும்போது சொக்லேற்றுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாமே என்பது என் எண்ணம்.

வெளிச்சமும் எழுத்தின் அளவும் இருந்தாற் போதுமா? உள்ளே போட நூல் வேண்டுமே.

தொடக்ககாலக் கருவிகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியவில்லை. கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கமாகக் கிடக்கும். 2013 இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தன்னார்வலர்கள் மற்ற வடிவங்களோடு 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பி.டி.எவ். கோப்புகளையும் வழங்கியமைக்கு அதுவே காரணம். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதித் தந்து வருகின்றது. 2016 டிசம்பரில் அமேசன் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்னூல் விற்பனையைத் தொடங்கியது. தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் இவ்வழியை நன்கு பயன்படுத்திக் கொண்டார்கள்.

நம் பக்கம் நிலைமை வேறு. ஈழத்து நூல்களைத் தேடுவோர் சென்றடையும் இடம் 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம். அழிந்துவிடும் என்று அஞ்சிய நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது காப்பகப் பணி. அதன் பெறுமதியை இங்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் படமாக எடுத்த பக்கம் மின்வாசிப்பானின் சிறு திரைக்குள் வரும்போது எறும்பு ஊர்ந்தாற்போல் ஆகிவிடுகின்றது. எழுத்தைப் பெருப்பிக்க முடியாது. பக்கத்தைப் பெருப்பித்தால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். பழைய தாளின் பழுப்பு, திரையிற் சாம்பலாக விழுந்து எழுத்தோடு கலக்கும். விளக்கை எவ்வளவு கூட்டினாலும் அந்தச் சாம்பல் போகாது.

மாஸ்ரர் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் ஒரு மாதத்தில் மறுபடி படித்து முடித்துவிட்டு, தன் இளமையில் வாசித்த ஈழத்து நாவல்கள் சிலவற்றைக் கேட்டார். எனக்குக் கிடைத்தவை படப் பக்கங்களே. அவற்றை அவர் கருவியில் ஏற்ற மனம் வரவில்லை.

பழைய நூல்களை விடுங்கள். நேற்று அச்சான நூல்களின் கதையென்ன? நம் பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் அச்சிடுகின்றன. அவை தீர்ந்தபின் மின்னூல் என்று கேட்டால் அச்சகத்துக்கு அனுப்பிய பி.டி.எவ். கோப்பைத் தருகிறார்கள். அதற்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் பாமினி. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமாகச் சிதறும். இதை மாற்றப் பெரிய செலவொன்றும் இல்லை. பாமினியை யுனிக்கோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய எழுத்தை ஈபப் கோப்பாக்கவும் இலவச மென்பொருள்கள் உண்டு. இதற்குத் தேவையானது தட்டெழுதிய மூலக் கோப்பு மட்டுமே. எழுத்தாளர்களே, அச்சகத்தில் உங்கள் நூலைத் தட்டெழுதிய கோப்பைத் தயவுசெய்து கேட்டு வாங்கி வையுங்கள். பி.டி.எவ். போதாது.

நண்பர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட நாவலின் மூலக் கோப்பை அண்மையில் ஒரு பழைய கணினியிலிருந்து தேடி எடுத்துத் தந்தார். பாமினியிற்றான் இருந்தது. மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. மாற்றத்தில் உடைந்த எழுத்துக்களைப் பிடிக்க முதல் வரியிலிருந்து ஒப்புநோக்க வேண்டியிருந்தது. அதையும் மின்வாசிப்பானிலேயே செய்தேன், விளக்கை 6 இல் வைத்துக்கொண்டு, மூன்று இரவுகள். அச்சுப் பதிப்பில் எங்கள் கண்ணுக்குத் தப்பியிருந்த பதினொரு பிழைகளும் அப்போது அகப்பட்டன. கோப்பு இப்போது மாஸ்ரரின் கருவியில் இருக்கின்றது. எழுத்தை இன்னும் ஒரு படி பெருப்பித்து, பாதிவரை வந்துவிட்டதாக நேற்றுத் தொலைபேசியிற் சொன்னார்.